ஊர்க்குளத்தில் தும்பிக் கணக்கெடுப்பு: பெண்ணையும் இளசையும் பிரித்தறிவது எப்படி

மாரி ஓய்ந்து தை பிறந்தால் எங்கள் ஊர்க்குளத்துக் கோரை முழுக்கத் தும்பிதான். இரண்டு வருடமாக அவற்றை இனவாரியாக எழுதி வருகிறேன். முதல் வருடக் கொப்பியில் பதினெட்டு இனம் இருந்தது. படங்களை மறுபடி வடிவாகப் பார்த்தபோது பதின்மூன்றுதான் தேறியது. மற்ற ஐந்தும் ஏற்கெனவே எழுதியவற்றின் பெண்களும் இளசுகளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தப் பிழை வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

1. குளத்தைத் தெரிவு செய்யுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது; வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். ஆகவே குளமும் கேணியும்தான் நமக்கு வாய்த்தவை. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒன்று போதும். சுற்றிவரச் சீமெந்து கட்டிய குளத்தைவிட, புல்லும் அல்லியும் உள்ள மண்கரைக் குளம் நல்லது. ஊசித்தும்பிகள் (ஊசி போல மெலிந்த தும்பி வகை) முட்டையைத் தண்டுக்குள் செருகி இடுபவை. செடி இல்லாத கரையில் அவை அருமை.

2. கையில் என்ன வேண்டும்

இரண்டு மீற்றர் கிட்டத்திலும் தெளிவாகக் காட்டும் தொலைநோக்கி. பறவை பார்க்க வைத்திருந்த என் பழைய தொலைநோக்கியில், காலடியில் இருந்த தும்பி வெறும் மங்கலாகத்தான் தெரிந்தது. தொலைநோக்கி, சூம் கமரா இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் கமராவை வாங்குங்கள். வீட்டுக்கு வந்து ஆறுதலாகப் பார்க்கலாம். பென்சில், கொப்பி, தொப்பி. வலை வேண்டாம். சிறகு கசங்கும், கால் முறியும். நம் குளங்களில் உள்ளவற்றில் அனேகமானவற்றைப் படத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

3. நடை

காலை ஒன்பதுக்கும் பதினொன்றரைக்கும் இடையில், நல்ல வெயிலில் போங்கள். கரையோரமாக நூறு மீற்றர் மெதுவாக நடந்து, இரு பக்கமும் ஐந்து மீற்றருக்குள் இருப்பவற்றை மட்டும் எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதே பாதை. சிறகை விரித்தபடி இருந்து, கண்கள் பெரிதாக, பெரும்பாலும் ஒட்டியிருந்தால் தும்பி. சிறகை மூடி, இரண்டு கண்ணும் தலையின் இரு ஓரத்தில் இருந்தால் ஊசித்தும்பி. சிறகைப் பாதி விரிக்கும் சில ஊசித்தும்பிகளும் உண்டு. சந்தேகம் என்றால் கண்ணை நம்புங்கள்.

4. இனத்தின் பெயருக்கு முன்னர் ஆணா பெண்ணா என்று எழுதுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். குளக்கரை வெறுந்தரையில், மூன்று சென்ரிமீற்றர் அளவில், நீலமாவு பூசினாற்போல ஒரு தும்பி இருக்கும்: விஞ்ஞானப் பெயர் டிப்ளகோடெஸ் திரிவியாலிஸ். முதல் கிழமை அதை "நீலம்" என்று எழுதினேன். பக்கத்திலேயே மஞ்சள்பச்சையில் கறுப்புக் கோடு போட்ட ஒன்று. "பச்சை" என்று எழுதினேன். அடுத்த தடவை, பாதி நீலமும் பாதி மஞ்சளுமாக இன்னொன்று. மூன்றாவது இனம் கிடைத்த சந்தோசத்தில் வீடு வந்தேன். மூன்றும் ஒன்றுதான். பச்சையாக இருந்தது பெண். ஆணும் இளசில் அதே நிறம்தான். முதிர முதிர நீலமாவு பூக்கும். பாதிப்பாதியாக இருந்தது, நிறம் மாறிக்கொண்டிருந்த ஆண்.

நிறம் ஏமாற்றும், உடம்பின் அமைப்பு ஏமாற்றாது. நாம் வால் என்று சொல்வது உண்மையில் பத்துக் கணுவுள்ள வயிறு. நெஞ்சுப் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது கணுவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே கொக்கி போல ஒரு சிறு புடைப்பு துருத்திக்கொண்டிருந்தால் ஆண். வழுவழுவென்று இருந்தால் பெண். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. முதல் வருடப் படங்கள் முழுவதையும் நான் மேலிருந்துதான் எடுத்திருந்தேன். இப்போது கரையில் முழங்காலை ஊன்றி, கமராவைத் தும்பியின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் ஒன்று, பிறகுதான் மேலிருந்து ஒன்று.

சிறகு கண்ணாடித்தாள் போல அளவுக்கு மிஞ்சி மினுங்கினால், அது தண்ணீரில் வாழும் குஞ்சுப் பருவமான குடம்பியின் தோலை அன்று கழற்றியது. நிறத்தை எழுதாமல் "இளசு" என்று மட்டும் குறியுங்கள். பக்கத்துத் தண்டில் அதன் வெற்றுத்தோல் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்த இனம் உங்கள் குளத்திலேயே வளர்ந்தது என்பதற்குச் சாட்சி.

பச்சையும் கறுப்புமாக இன்னொன்றும் வரும்: ஓர்தெட்ரம் சபீனா. அது பெரிசு, ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர். வயிற்றின் அடி வீங்கி, நடு மெலிந்து, நுனிப் பக்கம் மறுபடி அகலும். மற்றத் தும்பிகளையே பிடித்துத் தின்னும். இரத்தச் சிவப்பாய்த் தெரியும் குரோக்கோதெமிஸ் சேர்விலியாவுக்கும் நிறத்தில் அந்த நீலத்தும்பியின் கதைதான். அதன் பெண்ணும் இளம் ஆணும் பொன்மஞ்சள்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போட்டால் பெயர் சொல்லும். முதிர்ந்த ஆணுக்கு நல்ல உதவி. பெண்ணென்றால், அது தரும் முதல் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: "எங்கட குளம் கடல்நீரேரிப் பக்கம், தண்ணி உவர். ஒண்டும் இராதோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இருக்கும். இஸ்னூரா செனகலென்சிஸ் என்ற ஊசித்தும்பி ஓரளவு உவரைத் தாங்கும். கறுப்பு வயிற்றின் நுனிக்குக் கிட்ட நீல விளக்கு ஏற்றினாற்போல இருக்கும். அதன் இளம் பெண் செம்மஞ்சளாகவும் இருக்கும் என்பதால் நாலாம் படியை மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: கிணற்றடித் தொட்டியில் ஊரும் மண்ணிறப் பூச்சியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆறு கால், பெரிய கண், நுனியில் வாலிழை இல்லை என்றால் அது தும்பிக் குடம்பி. நுனியில் இலை போல மூன்று விரிந்திருந்தால் ஊசித்தும்பிக் குடம்பி. இரண்டுமே நுளம்புக் குடம்பியைத் தின்பவை. தொட்டி கழுவும்போது வெள்ளைப் பேசினில் எடுத்து வைத்துவிட்டுக் கழுவுங்கள்.

பின்சேர்க்கை 3: ஒக்டோபரில் வானத்தில் கூட்டமாகச் சுற்றும் தும்பிகளை எப்படி எழுதுவது? அது அனேகமாகப் பன்டாலா ஃபிளாவெசென்ஸ். மேற்பரப்பு நன்னீர் மிக அரிதான மாலைதீவிலும் அது ஒக்டோபரில் பெருவாரியாக வந்து இறங்குவதைக் கண்டுதான், அது இந்தியாவிலிருந்து ஆபிரிக்காவுக்குக் கடல் கடக்கிறது என்று கடல் உயிரியலாளர் சார்ல்ஸ் அன்டர்சன் 2009இல் எழுதினார். அது லேசில் ஓரிடத்தில் அமராது, படமும் எடுக்க விடாது. பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணி, காற்று எந்தத் திசை என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.