காலபோக வயலில் புல்லுக் களை: எது நெல், எது புல், எப்போது மருந்து

முதல் தடவை நெல் விதைக்கப் போகிறவர்களுக்குத்தான் இது. கோரையும் அகன்ற இலைக் களைகளும் பார்த்ததும் தெரிந்துவிடும். தலையிடி தருவது நெல்லோடு நெல்லாக நிற்கும் புல்லுகள், நெற்சப்பி, கோழிச்சூடன் என்று ஊரில் சொல்வார்களே, அவை.

1. விதைக்கும் முன்

விதைநெல்லை நன்றாகத் தூற்றிப் புடைத்து, உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளி எறியுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

மழை நேரத்துக்கு வந்தால் முதல் மழையோடு ஒரு உழவு உழுது, களையை முளைக்க விட்டு, இரண்டு கிழமை போனபின் மேலோட்டமாக இன்னொரு தரம் உழுது அழித்துவிட்டு விதையுங்கள். ஆழ உழுதால் கீழே கிடக்கும் களை விதை மேலே வந்துவிடும். மழை பிந்திப் புழுதியில் விதைக்க வேண்டி வந்தால் இது சரிவராது, அப்போது அடுத்த படியில்தான் கவனம் முழுக்க.

2. ஆளை அடையாளம் காணுங்கள்

சின்னப் பயிராக இருக்கும்போதே ஒன்றைப் பிடுங்கி, இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் அந்த மூட்டில் மெல்லிய வெள்ளைச் சவ்வும், இரு பக்கமும் மயிர் உள்ள சிறு காதுகளும் இருக்கும். நெற்சப்பியில் இரண்டுமே இல்லை, வழவழவென்று இருக்கும். வயலின் நாலைந்து இடத்தில் பார்த்தால் கை பழகிவிடும். களை நெல்லை (பயிருக்குள் களையாகத் தானே முளைக்கும் நெல்லை) மட்டும் இப்படிப் பிடிக்க முடியாது, அதுவும் நெல்தானே.

3. மருந்து

விதைத்து முதல் முப்பது நாற்பது நாளில் நிற்கும் களைதான் விளைச்சலைத் தின்னும். முளைக்கு முன் அடிக்கும் மருந்துகளுக்கு மண்ணில் ஈரம் வேண்டும், காய்ந்த புழுதியில் அடிப்பது காசைக் கொட்டுவதுதான். முளைத்த புல்லுக்கு பிஸ்பைரிபக் சோடியம் அல்லது சைஹலோபொப் பியூட்டைல் அடிப்பதென்றால் புல் இரண்டு முதல் நாலு இலையில் நிற்கும்போதே அடிக்க வேண்டும், தூர் கட்டிவிட்டால் மஞ்சளடித்துவிட்டுத் திரும்ப எழும்பும். அடிக்கும் முன் தண்ணீரை வடியுங்கள், இலையில் பட்டால்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று நாளில் திரும்பத் தண்ணீர் கட்டுங்கள், புதுப் புல் முளைப்பது குறையும், வரம்பு ஓட்டையாக இருந்தால் இதெல்லாம் நடக்காது.

ஒரே டாங்கியில் அகன்ற இலைக்கான எம்.சி.பி.ஏ.யையும் சைஹலோபொப்பையும் கலக்காதீர்கள், புல் மருந்தின் வேகம் குறைந்துவிடும். இரண்டையும் நாள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக அடியுங்கள். அளவு லேபிளில் உள்ளபடி, சந்தேகம் என்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் அல்ல. ஒவ்வொரு வருடமும் ஒரே மருந்து என்றால் அதற்குப் பழகிய புல்தான் மிஞ்சும், அதனால் வேறு வகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

4. தப்பியவை

நெல்லுக்கு மேலாகத் தலை நீட்டும் கதிர்களையும் களை நெல்லையும் மணி உதிரும் முன் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள், வரம்பில் போடாதீர்கள். ஒரு நெற்சப்பிச் செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். அறுவடைக்கு வரும் வெட்டு மெசினையும் வயலுக்குள் இறக்கும் முன் கூட்டித் துடைக்கச் சொல்லுங்கள், சாரதி முணுமுணுத்தாலும் பரவாயில்லை.