கம்பஸுக்குப் போக முதல், கேள்வியை எழுதுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி என்று சின்னதாகத் தொழில் தொடங்குகிற பலருக்கு, 1974 இல் இருந்து இங்கே இருக்கிற கம்பஸ், அதாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்பது பிள்ளைகள் பட்டம் எடுக்கிற இடம் மட்டும்தான். தங்கள் சாமான் ஏன் பழுதாகிறது என்பதற்கு விடை சொல்லக்கூடிய ஆட்களும் அங்கே இருக்கிறார்கள் என்று யோசிப்பதே இல்லை. எனக்கு அது பெரிய கவலை.

"எங்கட தொழிலுக்கு ஏதும் உதவி செய்யுங்கோ சேர்" என்று போய் நின்றால் மரியாதையாகக் கதைத்து அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் எதைச் செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது. "பனம்பழ ஜாம் போத்தலில் அடைத்துக் கொஞ்ச நாளில் புளிக்கிறது, எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும்?" என்று கேளுங்கள். அடைத்த திகதி, பழுதான திகதி, போட்ட சீனியின் அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நல்ல போத்தல் ஒன்றும் பழுதான போத்தல் ஒன்றும் கொண்டு போங்கள்.

கூடவே, இதை முதலே யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பனங்களியின், அதாவது பனம்பழச் சதையின், கைப்புக்கு பிளாபெலிஃபெரின் என்ற சேர்மம் காரணம், நாரிஞ்சினேஸ் என்ற நொதியத்தால் அதைக் குறைக்கலாம் என்பதெல்லாம் இலங்கை ஆய்வாளர்கள் எப்போதோ எழுதி வைத்தவை. கைப்போடு மல்லுக்கட்டுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

எங்கே போவது? விவசாயம், பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன, அதனால் உணவு, இயந்திரம் சம்பந்தமான கேள்வியோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற முதன்மை வளாகத்துக்குப் போய் அலையாதீர்கள். சந்தை, கணக்கு என்றால் திருநெல்வேலி முகாமைத்துவ பீடம். பனை என்றால் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது, அது பனை அபிவிருத்திச் சபையுடையது. ஆளைத் தெரியாவிட்டால் யூ.பி.எல். என்கிற வணிக இணைப்புப் பிரிவில் விசாரியுங்கள்.

கைக்காசு குறைவு என்றால் இறுதி வருட மாணவர்கள்தான் நல்ல வழி. அவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டும், உங்களிடம் பிரச்சினை இருக்கிறது. தலைப்புத் தெரிவு எப்போது என்று விரிவுரையாளரிடம் கேட்டு அதற்கு முதலே போங்கள், மூலப்பொருளை நீங்கள் கொடுங்கள், பட்டறையை வந்து பார்க்க விடுங்கள். ஆனால் அந்த வேலை பரீட்சையோடு சேர்ந்துதான் நகரும். வருகிற மாத ஓடருக்குத் தேவையான சோதனையென்றால் கட்டணம் கட்டி ஆய்வுகூடத்தில் செய்விப்பதுதான் சரி.

அப்புறம் இதைக் கவனமாக வாசியுங்கள். மாணவரின் ஆய்வறிக்கை நூலகத்துக்குப் போகலாம், போனால் உங்கள் செய்பக்குவமும் அதோடு போகும். ஆகவே எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை வேலை தொடங்க முதலே எழுதிக் கையெழுத்து வையுங்கள். தெரிந்த பிள்ளை, சொந்தக்காரப் பிள்ளை என்று விடாதீர்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி காப்புரிமை 20 வருடம் வரை கிடைக்கும், ஆனால் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். மாநாட்டில் வாசிக்கிற கட்டுரை வெளிவர முதல், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

முடிவு வந்த பிறகு தொடர்பை விடாதீர்கள். சொன்ன முறையில் காய்ச்சிப் பார்த்து என்ன நடந்தது, சரிவந்ததோ வரவில்லையோ, விரிவுரையாளருக்கு அறிவியுங்கள். சரிவராதது அடுத்த மாணவருக்குத் தலைப்பாகும்.