நூறு வருஷ டான்ஸை வரிசையா கத்துக்கிறது எப்படி

பழைய வெஸ்டர்ன் டான்ஸ் கத்துக்கணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் எது பாக்க ஜோரா இருக்கோ அதுலேர்ந்து ஆரம்பிச்சிடுறாங்க, ரெண்டே நாள்ல முட்டி வலிக்குதுன்னு விட்டுடுறாங்க. என்னைக் கேட்டா அது எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசையில கத்துக்கோங்கன்னுதான் சொல்வேன். 1910கள்ல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் ஊரையே ஆட வெச்ச டான்ஸ் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஆடுற ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற இடைவெளிதான் மாறிக்கிட்டே வருது. மொதல்ல அணைச்சபடி, அப்புறம் கைய மட்டும் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் தொடாமலே எதிரெதிரா, அப்புறம் வரிசையா நின்னு, கடைசியில போன் முன்னாடி தனியா. இந்த வரிசையில போனா முந்தின டான்ஸ்ல உடம்பு பழகினது அடுத்ததுக்கு அப்படியே கைகொடுக்கும்.

அதுக்கு முன்னாடி ஷூவைப் பாத்துக்கோங்க. ரப்பர் அடி தரையைக் கவ்விப் பிடிச்சுக்கும், பாதம் திரும்பாது, அந்தத் திருகல் முழுசும் முட்டிக்குப் போயிடும். அடி வழவழப்பா இருக்கிற ஷூ நல்லது. சாக்ஸோட ஆடினா பாதம் நல்லாத் திரும்பும், ஆனா டைல்ஸ் தரையில வழுக்கும், அதனால மெதுவான ஸ்டெப்புக்கு மட்டும்.

ஃபாக்ஸ்ட்ராட்லேர்ந்து ஆரம்பிங்க. 1914 வாக்குல வந்தது, வெர்னான் காசில், ஐரீன் காசில்னு ஒரு ஜோடி இதைப் பெரிய அளவுல பரப்பினாங்க, அவங்களுக்கு வாசிச்சது ஜேம்ஸ் ரீஸ் யூரோப்போட பேண்டு. மெதுவா, மெதுவா, வேகமா வேகமா, இதுதான் கணக்கு. லீட் பண்றவங்க இடது கால் முன்னாடி, வலது கால் முன்னாடி, இடது பக்கவாட்டுல, வலதைக் கொண்டுவந்து சேத்துடணும். நடக்கத் தெரிஞ்சா இது வரும். இதுல கத்துக்க வேண்டியது உடம்பு எடையை ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு முழுசா மாத்துறது ஒண்ணுதான், பாதி எடை இங்க பாதி எடை அங்கன்னு நின்னா பார்ட்னருக்கு நீங்க அடுத்து எங்க போறீங்கன்னே தெரியாது.

அடுத்து சார்ல்ஸ்டன். இது நான் சொன்ன இடைவெளிக் கணக்குல சரியா அடங்காது, ஜோடியாவும் ஆடலாம் தனியாவும் ஆடலாம். அமெரிக்காவோட தெற்குல இருந்த கறுப்பின மக்களோட ஆட்டம், 1923ல நியூயார்க் பிராட்வேயில ஒரு ஷோவுல ஜேம்ஸ் பி. ஜான்சன் போட்ட பாட்டோட வந்த பிறகு எங்க பாத்தாலும் இதுதான்னு ஆயிடுச்சு. இடது கால் முன்னாடி வெச்சு வலது காலை முன்னாடி உதைங்க, வலதைப் பின்னாடி வெச்சு இடது கால் நுனியால பின்னாடி தரையைத் தொடுங்க, அவ்வளவுதான், திரும்ப மொதல்லேர்ந்து. இந்த ஸ்டெப் பழகின பிறகுதான் சார்ல்ஸ்டனோட குதிகால் திருகல். குதிகாலை லேசா தூக்கி பாதத்தோட முன்பக்கத்துல நின்னுக்கிட்டு ரெண்டு குதிகாலும் வெளிய போகட்டும், உள்ள வரட்டும். கால் காத்துல இருக்கும்போது வெளிய, தரையைத் தொடும்போது உள்ள. நாற்காலியில உக்காந்து குதிகாலை மட்டும் ஒரு பத்து நிமிஷம் இப்படிப் பழகிட்டு அப்புறம் எழுந்து நின்னு பாருங்க, சட்டுனு வந்துடும். பாட்டு ரொம்ப வேகமானது, அதனால மொதல்ல பாதி வேகத்துல போட்டுக்கோங்க.

இனி எனக்கு உயிரான விஷயத்துக்கு வர்றேன், லிண்டி ஹாப். நியூயார்க்ல ஹார்லெம்ல, லெனாக்ஸ் அவென்யூவுல 1926ல சவாய் பால்ரூம்னு ஒரு டான்ஸ் ஹால் திறந்தாங்க. பெரும்பாலான இடங்கள்ல கறுப்பர், வெள்ளையர் ஒரே தரையில சேந்து ஆட முடியாத காலம் அது, அங்க சேந்து ஆடினாங்க. ரெண்டு மேடை போட்டிருந்தாங்க, ஒரு பேண்டு நிறுத்தினா இன்னொண்ணு எடுத்துக்கும், பாட்டு நிக்கவே நிக்காது. லிண்டின்னு கூப்பிடப்பட்ட விமானி லிண்ட்பெர்க் 1927ல தனியாளா அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்ததால இந்தப் பேர் வந்துச்சுன்னு சொல்வாங்க. அங்க ஆடின ஃபிராங்கி மேனிங் 1935ல ஒரு போட்டியில பார்ட்னரை முதுகு மேல உருட்டி அந்தப் பக்கம் இறக்கினார், அதுதான் லிண்டி ஹாப்ல மொத ஏரியல், அதாவது பார்ட்னரைக் காத்துல தூக்குற ஸ்டெப். அந்த மனுஷன் பின்னாடி முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்தார், 1980கள்ல சின்னப் பசங்க தேடிப் போயி கத்துக்குடுங்கன்னு கேட்டாங்க, 2009ல சாகுற வரைக்கும் உலகம் பூரா போயி கத்துக்குடுத்தார். இன்னிக்கு நாம இதை ஆடுறோம்னா அதுக்கு அவர் பெரிய காரணம்.

எட்டு எண்ணிக்கை. ஒண்ணு ரெண்டுக்கு ஒரு கால் பின்னாடி வெச்சு அடுத்த காலுக்கு எடையை மாத்தணும், மூணு நாலுக்குள்ள மூணு சின்ன அடி, அஞ்சு ஆறுக்கு ரெண்டு நடை, ஏழு எட்டுக்குள்ள திரும்பவும் மூணு சின்ன அடி. முட்டி எப்பவும் கொஞ்சம் மடங்கியே இருக்கணும், துள்ளல் கீழ்நோக்கிப் போகணும், மேல குதிக்கக் கூடாது. கையைப் பத்தி ஒண்ணு சொல்லணும், எனக்கு இது புரிய ஆறு மாசம் ஆச்சு. பார்ட்னரோட கைய இறுக்கிப் பிடிக்காதீங்க, நாலு விரலை மடக்கி கொக்கி மாதிரி மாட்டிக்கோங்க, கட்டைவிரலால அழுத்தவே கூடாது. ரெண்டு பேரும் லேசா பின்னாடி சாஞ்சா அந்தக் கொக்கியில ஒரு இழுவை வரும், ரப்பர் பேண்டை இழுத்துப் பிடிச்ச மாதிரி, அந்த இழுவைதான் உங்களைத் திரும்பச் சேத்து வைக்கும். தோளை வெச்சு இழுத்தா ரெண்டு பேருக்கும் தோள் வலிதான் மிச்சம்.

அப்புறம் கையையே விட்டுட்டாங்க. ஹாங்க் பாலார்ட் எழுதிப் பாடின ட்விஸ்ட் பாட்டை 1960ல சப்பி செக்கர் பாடினார், நம்பர் ஒன் ஆச்சு, 1962ல அதே ரெக்கார்டு திரும்பவும் நம்பர் ஒன் ஆச்சு. டிவியில பாத்தே கத்துக்கலாம், பார்ட்னர் வேணாம், கிளாஸ் வேணாம், அதான் பெரியவங்க சின்னவங்கன்னு எல்லாரும் ஆடினாங்க. ரெண்டு கால் நுனியாலயும் சிகரெட்டைத் தேய்ச்சு அணைக்கிற மாதிரி, கையால டவலைப் பிடிச்சு பின்பக்கத்தைத் துவட்டுற மாதிரி, இதுதான் வழக்கமா சொல்ற செய்முறை, இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. சார்ல்ஸ்டன்ல குதிகால் பழகினவங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. ஒரு காலைக் கொஞ்சம் முன்னாடி வெச்சுக்கோங்க, இடுப்பு ஒரு பக்கம் போனா கை எதிர்ப்பக்கம் போகட்டும்.

1970கள்ல ஹஸ்ல்னு ஒரு ஜோடி ஆட்டம் வந்து திரும்பவும் கை கோத்தாங்க. நியூயார்க்ல பிராங்ஸ் பக்கத்துப் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள்கிட்டேர்ந்து வந்தது அது, லிண்டி தெரிஞ்சா பாதி தெரிஞ்ச மாதிரிதான்.

கூட்டமா ஆடணும்னா எலக்ட்ரிக் ஸ்லைடு. வலப்பக்கம் நாலு, அதாவது வலது கால், இடது பின்னாடி, வலது, இடதால ஒரு தொடல். அதையே இடப்பக்கம் நாலு. பின்னாடி மூணு அடி, ஒரு தொடல். இடது முன்னாடி வெச்சு ஒரு தொடல், வலது பின்னாடி வெச்சு ஒரு தொடல், கடைசியா இடது கால் வெச்சு இடப்பக்கமா கால்வாசி வட்டம் திரும்பி வலதைத் தரையில உரசி எடுங்க. கூட்டிப் பாருங்க, 18 வரும். பாட்டு எட்டு எட்டா போகும், நீங்க பதினெட்டு பதினெட்டா போவீங்க, அதனால ஒவ்வொரு தடவையும் பாட்டுல வேற வேற இடத்துலதான் திரும்புவீங்க. எங்க திரும்பணும்னு பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கப் பாத்தா குழம்பிடும், எண்ணிக்கையை மட்டும் நம்புங்க. மக்கரீனாவுக்கு இந்தத் தொல்லை இல்ல, 16 எண்ணிக்கை, பாட்டோட கச்சிதமாப் பொருந்தும். ஸ்பெயின்ல செவில் பக்கத்தைச் சேந்த லோஸ் டெல் ரியோங்கிற ஜோடியோட பாட்டு, ரீமிக்ஸ் 1996ல அமெரிக்காவுல 14 வாரம் நம்பர் ஒன்ல இருந்துச்சு. உள்ளங்கை கீழ, உள்ளங்கை மேல, தோள், பின்தலை, இடுப்பு, பின்னிடுப்பு, ஒவ்வொண்ணுக்கும் வலது கை மொதல்ல இடது கை அடுத்தது, அது 12. மிச்சம் நாலுல மூணு இடுப்பு ஆட்டம், கடைசியில குதிச்சு கால்வாசி வட்டம் திரும்பணும்.

கடைசியா போன் டான்ஸ். 2019ல ரெனிகேடுன்னு ஒரு ஆட்டத்தை 14 வயசு ஜலேயா ஹார்மன் அட்லாண்டா பக்கத்துல இருந்து போட்டாங்க, டிக்டாக்ல அதை ஆடாத ஆளே இல்ல, ஆனா 2020 ஆரம்பம் வரைக்கும் உருவாக்கினது இந்தப் பொண்ணுன்னு பலருக்குத் தெரியாது. சார்ல்ஸ்டன்லேர்ந்து இதே கதைதான் நடக்குது, கறுப்பினப் பசங்க உண்டாக்குவாங்க, பேர் வேற யாருக்கோ போகும், எனக்கு இது ரொம்ப வலிக்கும். அதனால நீங்க வீடியோ போடும்போது ஸ்டெப் யாரோடதுன்னு தேடிப் பாத்து பேரைப் போடுங்க. கத்துக்கும்போது ஆடுறவங்க சட்டையில எழுத்து இருந்தா அதை மொதல்ல பாருங்க, எழுத்து இடம்வலமா மாறித் தெரிஞ்சா அது கண்ணாடி மாதிரி திருப்பின வீடியோ, திரையில எந்தப் பக்கத்துக் கை தூக்குதோ அதே பக்கத்துக் கையைத் தூக்கிக்கிட்டே ஆடலாம். எழுத்து நேரா இருந்தா அவங்க வலது கை திரையில இடப்பக்கம் தெரியும், மொத அசைவுலயே இதைக் கவனிச்சு மாத்திக்கோங்க.