மாடல் ரயில் கட்டடங்களுக்குள் விளக்கு: எதை, எங்கே, எவ்வளவு?

மாடல் ரயில் தளத்தில் முதன்முறையாகக் கட்டடங்களுக்கு விளக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் ஒயரிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் தொடங்குகிறார்கள். எந்த அறையில், எந்த நிறத்தில், எவ்வளவு மங்கலாக ஒளி வேண்டும் என்பதை அதற்கு முன்பே முடிவுசெய்துவிட்டால், வாங்க வேண்டிய பொருள்களைப் பற்றிய குழப்பம் பெருமளவு குறைந்துவிடும். இங்கே எடுத்துக்காட்டாக, 1:87 விகிதமுள்ள எச்.ஓ. அளவில், 1950-களின் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஒரு சிறு ரயில் நிலையம், கடைத்தெரு, சில வீடுகள், ஓர் எஞ்சின் கொட்டகை.

படி 1: அறைகளைப் பட்டியலிடுதல்

ஒவ்வொரு கட்டடத்தையும் தாளில் வரைந்து, இரவு எட்டு மணிக்கு எந்த அறையில் ஆள் இருப்பார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத அறைக்கு விளக்கு வேண்டாம். சிறு நிலையத்தில் கடைசிப் பயணிகள் ரயில் போன பிறகு காத்திருப்பு அறை இருண்டிருக்கலாம். ஆனால் தண்டவாளத்தை நோக்கிப் புடைத்து நிற்கும் சன்னலுக்குப் பின்னால், தந்தி மேசையருகே ஏஜெண்டின் விளக்கு எரியும். இரண்டு மாடி வீட்டில் சமையலறையும் முன்னறையும் ஒளிர்ந்தாலே போதும். எல்லாச் சன்னல்களும் ஒரே அளவில் ஒளிரும் வீடு, உள்ளே சுவரே இல்லாத காலிப் பெட்டி என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 2: நிறத்தைத் தேர்தல்

ஒளியின் நிறம் கெல்வின் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும், கூடக் கூட நீலம் ஏறும். வீடுகளில் அன்று எரிந்த இழை பல்புகளின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின். ஆகவே வீடுகளுக்கும் நிலையத்துக்கும் எஞ்சின் கொட்டகைக்கும் ‘வார்ம் வைட்’ என்று விற்கப்படும் எல்.இ.டி.களில் 2700 முதல் 3000 வரை உள்ளவற்றை வாங்குங்கள். டியூப்லைட் அமெரிக்காவில் 1938-இல் விற்பனைக்கு வந்து, போருக்குப் பிறகு கடைகளிலும் அலுவலகங்களிலும் பரவலானது. எனவே 1950-களின் மருந்துக்கடைக்கு 4000 கெல்வின் அளவிலான வெள்ளொளி பொருந்தும். அதே கடையை 1930-ஆம் ஆண்டுக்குரியதாக அமைத்தால் அது பிழையாகிவிடும். இன்னும் பின்னோக்கிச் சென்று, கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்வதற்கான 1936-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முற்பட்ட பண்ணை வீட்டை அமைப்பவர்கள் மண்ணெண்ணெய் விளக்கின் செம்மஞ்சளைக் காட்ட வேண்டும், எல்.இ.டி.யின் மேல் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு வண்ணத்தை மெல்லப் பூசினால் அந்த நிறம் கிடைக்கும்.

நீலம் கலந்த ‘கூல் வைட்’ எல்.இ.டி.யை இந்த ஊரில் எங்கும் பொது விளக்காக வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னறையில் ஓடும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் ஒளியைக் காட்ட மட்டும், இருண்ட அறைக்குள் தாழ்வாக ஒன்றை வைத்தால் அழகாக இருக்கும்.

படி 3: விளக்கின் வகை

பழைய முறை, கோதுமை மணி அளவிலான இழை பல்பு. அதன் நிறம் இயல்பாகவே சரியாக இருக்கும். 12 வோல்ட் பல்புக்கு 9 வோல்ட் கொடுத்தால் ஒளி மேலும் மஞ்சளாகி ஆயுளும் நீளும். ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும், சூடும் உண்டு. பெரும்பாலான கிட்டுகள், அதாவது நாமே சேர்த்துக் கட்டும் மாடல் கட்டடத் தொகுப்புகள், வார்க்கப்படும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குவதால், சிறிய மூடிய அறைக்குள் இதை வைப்பது நல்லதன்று.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு எல்.இ.டி.யே ஏற்றது. 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. 1:87 உலகில் கிட்டத்தட்ட 43 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. சன்னல் வழியே அது கண்ணில் படாத உயரத்தில், கூரைக்கு ஒட்டி மட்டுமே வைக்கலாம். ‘0603’ எனப்படும் சில்லு வகை 1.6 மில்லிமீட்டர் நீளமே உள்ளதால், மேசை விளக்குக்கும் தொங்கும் விளக்குக்கும் பொருத்தமானது. சால்டர் வைக்கப் பழகாதவர்கள் ஒயர் இணைத்தே விற்கப்படும் சில்லுகளை வாங்கிக்கொள்ளலாம். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை வெட்டிக்கொள்ளக்கூடியது; தொழிற்கூடத்துக்கும் பெரிய கடைக்கும் எளிதான வழி. வீட்டுக்குள் அதை முழு ஒளியில் விட்டால் அறுவை அரங்கம் போல் ஆகிவிடும்.

நிறத்தைச் சோதிக்க மல்டிமீட்டரோ அடாப்டரோ தேவையில்லை. சிஆர்2032 நாணய பேட்டரியின் இரு பக்கங்களையும் எல்.இ.டி.யின் கால்கள் தொடுமாறு பிடித்து (நீளமான கால் நேர்முனைக்கு), ஒட்டாமல் சேர்த்து நிறுத்திய கட்டடத்துக்குள் நுழைத்து, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள்.

படி 4: மங்கலாக்குதல்

தொடக்கநிலையாளர் தளங்களில் நான் அடிக்கடி காணும் குறை, ஒளி மிகுந்திருப்பதுதான். எல்.இ.டி. 20 மில்லி ஆம்பியர் தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருப்பதால் அவ்வளவையும் கொடுத்துவிடுகிறார்கள். அது தாங்கக்கூடிய உச்சவரம்பு மட்டுமே. வீட்டின் அறைக்கு 1 அல்லது 2 மில்லி ஆம்பியர், கடைக்கு 5 என்று தொடங்கலாம்.

கணக்கு எளிது. அடாப்டரின் 12 வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, அதாவது ரெசிஸ்டர், எவ்வளவு என்பது வந்துவிடும். 9-ஐ 0.005-ஆல் வகுத்தால் 1800 ஓம். 2 மில்லி ஆம்பியருக்கு 4500 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 4700 ஓம் போதுமானது. கால் வாட் ரெசிஸ்டர் இவை அனைத்துக்கும் தாராளமாகப் போதும். ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள்: சேர்த்து ஒன்றாக வைத்தால் ஒளி சமமாகப் பிரியாது என்பதோடு, அறைக்கு அறை ஒளியை மாற்றும் வசதியும் போய்விடும். 1000 முதல் 10,000 ஓம் வரை சில மதிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒட்டுவதற்கு முன் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவுசெய்வதே சரி. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு பாருங்கள்.

படி 5: கட்டடத்தைத் தயார்செய்தல்

மெல்லிய ஸ்டைரீன் சுவர் வழியே ஒளி கசிந்து, வீடே விளக்குக்கூடு போல் ஒளிரும். சுவர்களின் உட்புறத்தில் முதலில் கறுப்பு வண்ணத்தையும், அது உலர்ந்தபின் அறைக்குரிய வெளிர் வண்ணத்தையும் பூச வேண்டும். சுவர்கள் சேரும் மூலைகளிலும் கூரை அமரும் விளிம்பிலும் அடித்தளத்திலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். அறைகளைக் கறுப்பு அட்டையால் பிரித்தால் முதல் படியில் குறித்த இருட்டு அறைகள் இருட்டாகவே இருக்கும். சன்னலுக்குப் பின்னால் டிரேசிங் தாளைத் திரையாக ஒட்டினால் உள் அலங்காரம் செய்யும் வேலை மிச்சம். தளத்தின் முன்வரிசையில் உள்ள ஓரிரு கட்டடங்களுக்கு மட்டும் மேசை, அலமாரி, மனித உருவங்கள் வைத்தால் போதும். கூரையை எக்காரணம் கொண்டும் ஒட்டிவிடாதீர்கள். பின்னர் ஒரு ரெசிஸ்டரை மாற்றக்கூடக் கட்டடத்தை உடைக்க நேரிடும்.

படி 6: மின்சாரம்

தண்டவாளத்திலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுக்க வேண்டாம். சாதாரண நேர்மின்னோட்டத் தளத்தில் வண்டியின் வேகத்துக்கேற்ப வோல்ட் ஏறி இறங்கும். வண்டி திரும்பினால் முனைகளும் மாறி எல்.இ.டி. அணைந்துவிடும். டி.சி.சி. தளத்தில், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் தளத்தில், வோல்ட் நிலையாக இருந்தாலும், விளக்குகள் வண்டிகளுக்கான திறனைத் தின்னும். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் தனியாக ஒன்று போதும்: 3 மில்லி ஆம்பியர் வீதம் 40 எல்.இ.டி.கள் சேர்ந்து எடுப்பது 120 மில்லி ஆம்பியர்தான். அதே எண்ணிக்கையில் இழை பல்பு வைத்தால் 2.4 ஆம்பியர் தேவைப்படும்.

தளத்தின் அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த ஒயர்களை ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் மெல்லிய ஒயரைக் கழற்றக்கூடிய இணைப்பானுடன் அவற்றில் சேருங்கள். எது எந்தக் கட்டடம் என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். சிவப்பு ஒயரை வீடுகளுக்கு ஒன்று, கடைகளுக்கு ஒன்று, ரயில்வே கட்டடங்களுக்கு ஒன்று எனப் பிரித்து, மூன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வையுங்கள். நள்ளிரவுச் சரக்கு வண்டியை ஓட்டும்போது கடைத்தெருவை அணைத்துவிட்டு, நிலையத்தையும் எஞ்சின் கொட்டகையையும் மட்டும் எரியவிடலாம்.