லிங்க்ட்இனில் கல்லூரி சீனியர்களைத் தேடுங்கள்

லிங்க்ட்இனில் வேலை தேடுவோர் பலர், அறிமுகமே இல்லாத எச்.ஆர். அலுவலர்களுக்கு ஒரே செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதைவிட, நீங்கள் படித்த கல்லூரியின் பக்கத்தைத் திறந்து, முன்னாள் மாணவர்கள் பகுதியில் நிறுவனத்தின் பெயரையோ ஊரையோ கொடுத்துத் தேடினால், நீங்கள் சேர விரும்பும் இடத்தில் ஏற்கெனவே பணிபுரியும் சீனியர்கள் யார் என்பது தெரிந்துவிடும். எடுத்த எடுப்பிலேயே பரிந்துரை கேட்பது முகம் சுளிக்க வைக்கும் என்பதால், “நான் நம் கல்லூரியில் 2022-இல் இயந்திரவியல் முடித்தேன், உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதியவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்” என்ற அளவில் எழுதுங்கள். தற்போது வேலையில் இருப்பவர்கள் தாங்கள் வேலை தேடுவதைக் காட்டும் ‘ஓப்பன் டு வொர்க்’ வசதியை, நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். ஆயினும், சொந்த நிறுவனத்தின் கண்ணில் படாது என்பதற்கு லிங்க்ட்இன் முழு உத்தரவாதம் தருவதில்லை.