அகராதி அலமாரிப் பக்கம் போகும் முன்

ராயபுரம், தண்டையார்பேட்டை கிளை நூலகங்களுக்குப் போகிறவர்கள் நூலகரிடம் பார்வை நூல்களையும் கேளுங்கள். இன்றைய சொல்லுக்கு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. 1992 பதிப்பு கையில் வந்தால் 2020 பதிப்பு உண்டா என்று விசாரியுங்கள். பழம்பாடல் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 6 தொகுதி. பலர் தடுமாறுவது எழுத்து வரிசையில்தான். புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும்; அதனால் ‘அகம்’ என்பதற்கு முன்பே ‘அக்கம்’ வந்துவிடும். ஜ, ஸ, ஹ தொடங்கும் சொற்கள் ‘வ’ வரிசைக்கும் பின்னால், கடைசித் தொகுதியில். 1954இல் வெளிவரத் தொடங்கிய கலைக்களஞ்சியம், 10 தொகுதி, இன்றும் அருமை. மக்கள்தொகைக் கணக்கை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். இவற்றைப் பொதுவாக வீட்டுக்குத் தரமாட்டார்கள், நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.