மணி பிளான்டைக் கம்பில் ஏற்றி வளர்ப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் கமுகிலும் பலாவிலும் நல்லமிளகுக் கொடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு மரத்தை அள்ளிப் பிடித்திருக்கும். மணி பிளான்டும் அப்படி ஏறுகிற கொடிதான். பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவு அதன் சொந்த ஊர். தொங்கவிட்டால் இலை சிறிதாகவே நின்றுவிடும். பிடித்து ஏற இடம் கொடுத்தால் புது இலை ஒவ்வொன்றும் பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் முதலிலேயே கம்போடு நடுங்கள்.

தண்டை உற்றுப் பாருங்கள். இலைக்காம்பு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் கணு. அதற்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி, கணு மட்டும் முங்கும்படி தண்ணீரில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வந்துவிடும்.

அதற்குள் கம்பைத் தயார் செய்யலாம். கடையில் வாங்கத் தேவையில்லை, நம்மூரில் கதம்பைக்கா (தேங்காய் மட்டைக்கா) பஞ்சம்! அதிலிருந்து தும்பு என்கிற நாரை உரித்து இரண்டு நாள் ஊறவைத்து, கறைத் தண்ணீர் போகும்வரை அலசுங்கள். மூன்றடி பிவிசி குழாயில் தும்பைப் பரத்திக் கயிற்றால் இறுகச் சுற்றுங்கள்.

ஓட்டையுள்ள தொட்டியில் கம்பை நிறுத்தி, செம்மண், மணல், நார்க்கழிவு, கொஞ்சம் சாணிப்பொடி கலந்து நிரப்புங்கள். வேர் விட்ட தண்டை அதில் நடும்போது, கணுவில் வேர் வரும் பக்கம் கம்பைப் பார்த்திருக்க வேண்டும். தண்டை மட்டும் தளர்வாகக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள்.

கிழக்கு ஜன்னலோரம் நல்ல இடம். உச்சி வெயில் பட்டால் இலை கருகும்.

தண்ணீரில்தான் கவனம் வேண்டும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அப்போது தொட்டி மண் லேசில் காயாது. ஒரு ஆடிச் சாரலில் தினமும் ஊற்றிய என் செடிக்கு அடியிலை மஞ்சளித்தது. இழுத்துப் பார்த்தால் வேர் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. மனசே ஆறவில்லை. இப்போதெல்லாம் விரலை அதன் இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். தும்பு மட்டும் காயக் கூடாது, அதில் தினமும் தெளியுங்கள்.

கருணை, சேம்பு மாதிரி இதன் சாறும் அரிக்கும். கடித்தால் வாய் எரியும், குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

ஒன்றிரண்டு மாதம் போனபின் கொடியை லேசாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் வேர் தும்புக்குள் இறங்கிவிட்டது. சரி, அந்தக் கணுவின் கட்டை அவிழ்த்துவிடலாம்.